சுருங்காத நாடே வளரும்

நாட்டைத் தூக்கி நிறுத்த ஓர் உறுதியான மனிதர் வேண்டும். அவர் கையை யாரும் கட்டக் கூடாது. தேர்தல், கூட்டணி, நீதிமன்றத் தடை என்ற தொல்லைகள் இல்லாமல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவரை விட்டுவிட்டால் வறுமை தானாக ஒழியும். இந்த நம்பிக்கை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்று கட்சி வேறுபாடின்றிப் பரவிக் கிடக்கிறது. தேநீர்க் கடையில் பேசுகிறவரும் சொல்கிறார். தொலைக்காட்சி விவாதத்துக்கு வரைபடங்களோடு வருகிற நிறுவன நிர்வாகியும் சொல்கிறார். சான்றுக்கு மூன்று பெயர்கள் தயாராக இருக்கின்றன: சிங்கப்பூரின் லீ குவான் யூ, தென்கொரியாவின் பார்க் சுங் ஹீ, சீனத்தின் தெங் சியாவோபிங். மூவரின் நாடுகளும் ஓரிரு தலைமுறைக்குள் வறுமையிலிருந்து மீண்டன. மூவருமே எதிர்ப்பைப் பொறுத்துக்கொண்டவர்கள் அல்லர். ஆகவே வளர்ச்சிக்குச் சுதந்திரத்தை விலையாகக் கொடுக்கலாம் என்று முடிவுகட்டுகிறார்கள். ஊழலையும் தாமதத்தையும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர்களின் நியாயமான கோபம் இந்த வாதத்துக்குள் இருக்கிறது. அதனால்தான் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மக்களாட்சி நல்லது, சர்வாதிகாரம் கெட்டது என்று அறம் பேசிவிட்டு நகர்வது பதிலாகாது. அவர்கள் தேர்ந்துகொண்ட களத்திலேயே, வருமானக் கணக்கை வைத்தே, அந்த வாதம் நிற்காது.

முதலில் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பார்க் சுங் ஹீ 1961 மே 16 அன்று இராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். அதன்பின் பத்து மாதம்கூட ஆகவில்லை, 1962 மார்ச் 2 அன்று பர்மாவில் ஜெனரல் நே வின் அதே வழியில் ஆட்சிக்கு வந்தார். இருவரும் படைத்தளபதிகள், இருவரும் அரசியல்வாதிகளின் சச்சரவைக் காரணம் காட்டினார்கள், இருவரும் நாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். இயற்கையும் வரலாறும் தந்த சாதகங்கள் பர்மாவிடமே அதிகம். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. ஐராவதிக் கழிமுகம் நெல்வயலானதில் செட்டிநாட்டு முதலுக்கும் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர் உழைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. தேக்கும் எண்ணெயும் பெயர்பெற்ற ரங்கூன் பல்கலைக்கழகமும் அங்கே இருந்தன. கொரியாவோ போரில் தரைமட்டமாகி அமெரிக்க உதவியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. நே வின் வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கினார். லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னை பாரிமுனையின் பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைத்தெரு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அவர் ஆட்சி திடீரென அறிவித்தது. கையில் வைத்திருந்தவர்களுக்கு ஈடு கிடையாது. பதிலுக்கு வந்தவை 45 கியாட், 90 கியாட் நோட்டுகள். இரண்டும் ஒன்பதால் வகுபடுபவை. ஒன்பதுதான் தன் ராசி எண் என்று அவர் நம்பியது ஊரறிந்த செய்தி. வீடுகளில் இருந்த சேமிப்பும், மாணவர்கள் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகையும், வியாபாரிகளின் கொள்முதல் பணமும் ஒரே அறிவிப்பில் வெற்றுத்தாள் ஆயின. அந்த ஆண்டு முடிவதற்குள் பர்மாவை ஐக்கிய நாடுகள் அவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

பார்க்கைச் சொல்கிறவர்கள் நே வின்னைச் சொல்வதில்லை. ஜயீரின் மொபுட்டுவை, பிலிப்பைன்ஸின் மார்க்கோஸை, உகாண்டாவின் இடி அமீனைச் சொல்வதில்லை. இவர்கள் எல்லோரும் அதே தலைமுறையின் உறுதியான மனிதர்கள்தாம்; கையைக் கட்ட யாரும் இல்லாதவர்கள்தாம். பரிசு விழுந்த மூன்று பேரை மேடையேற்றிக் காட்டிவிட்டு, லாட்டரிச் சீட்டு நல்ல முதலீடு என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பொருளியலாளர்கள் பெஞ்சமின் ஜோன்ஸும் பெஞ்சமின் ஓல்கெனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு வழியில் காட்டியது. பதவியில் இருக்கும்போதே நோயாலோ விபத்தாலோ இறந்த 57 தலைவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் மறைவுக்கு முன்னும் பின்னும் வளர்ச்சி எப்படி மாறியது என்று பார்த்தார்கள். மக்களாட்சி நாடுகளில் தலைவர் மாறியதால் பெரிய மாற்றம் தெரியவில்லை. கட்டுப்பாடற்ற ஆட்சிகளில் மாற்றம் பெரிது: சில இடங்களில் மேலே, சில இடங்களில் கீழே. தனிமனிதர் முக்கியம் என்பவர்களுக்கு இந்த ஆய்வு ஒரு வகையில் ஆதரவுதான். ஆனால் அது சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். இரும்புக்கரம் சராசரியை உயர்த்துவதில்லை, ஏற்ற இறக்கத்தைத்தான் பெருக்குகிறது. அதிகாரம் முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைக்கிற நாளில், நாம் ஒப்படைப்பது பார்க்கிடமா நே வின்னிடமா என்று கண்டறிய எந்த வழியும் இல்லை. தவறு தெரிகிற நாளில் திருப்பி வாங்கவும் வழியில்லை.

ஏற்ற இறக்கம் ஏன் அத்தனை கேடு? சில ஆண்டுகள் சரிந்தாலும் பிறகு பாய்ந்து பிடித்துவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் நீண்டகால வளர்ச்சியின் கணக்கு பொதுப்புத்திக்கு எதிராக நிற்கிறது. ஒரு நாடு முப்பது ஆண்டுகள் ஆண்டுக்கு 3 சதவீதம் மட்டுமே, ஆனால் தடையில்லாமல், வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவில் அதன் வருமானம் ஏறத்தாழ 2.4 மடங்கு. இன்னொரு நாடு அதே முப்பது ஆண்டுகளில் இருபது ஆண்டுகள் 6 சதவீதம் வளர்ந்து, மற்றப் பத்து ஆண்டுகளில் 4 சதவீதம் வீதம் சுருங்குகிறது. முடிவில் அது 2.1 மடங்குதான். இரண்டாவது நாட்டின் நல்ல ஆண்டுகளைத்தான் உலகம் அதிசயம் என்று எழுதும். முதல் நாட்டைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் செல்வந்தராக முடிவது முதல் நாடு. இது வெறும் கணக்குப் பயிற்சி அன்று. பொருளியல் வரலாற்றாளர்கள் ஸ்டீஃபன் பிராட்பெரியும் ஜான் வாலிஸும் பல நாடுகளின் நீண்டகாலத் தரவுகளைப் பிரித்துப் பார்த்து இதையே கண்டார்கள். வளர்கிற ஆண்டுகளை மட்டும் எடுத்தால் ஏழை நாடுகள் பணக்கார நாடுகளைவிட மெதுவாக வளரவில்லை, பல சமயம் வேகமாகவே வளர்ந்திருக்கின்றன. ஆனால் அவை சுருங்குகிற ஆண்டுகள் அதிகம், சுருங்கும் ஆழமும் அதிகம். மேற்கு நாடுகள் செழித்ததற்கு முதன்மைக் காரணம் அவை பாய்ந்து வளர்ந்தது அன்று, சரிவதை நிறுத்திக்கொண்டது. வளர்ச்சி பற்றிய நம் பேச்சு முழுவதும் வேகத்தையே சுற்றிவருகிறது. விழாமல் இருப்பது எப்படி என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

அந்தக் கேள்வியோடு இரும்புக்கர ஆட்சிகளைப் பார்த்தால் படம் மாறிவிடும். பிலிப்பைன்ஸில் 1972-இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்த மார்க்கோஸ் கடன் வாங்கிக் கட்டினார், நெருங்கியவர்களுக்குத் தொழில்களைப் பிரித்துக் கொடுத்தார். முதல் பத்தாண்டு வளர்ச்சி பார்க்கக் குறைவில்லை. 1984-லும் 1985-லும் பொருளாதாரம் ஆண்டுக்கு 7 சதவீதம் வீதம் சுருங்கியது. 1982-இல் இருந்த தலா வருமானத்தை அந்த நாடு மறுபடி எட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. சந்தைப் பொருளாதாரத்தின் வெற்றிக்கதையாகச் சொல்லப்படும் பினோசெட்டின் சிலி 1975-லும் 1982-லும் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. சுகார்த்தோவின் இந்தோனேசியா முப்பது ஆண்டுகள் நன்றாகவே வளர்ந்தது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் 1998 என்ற ஒரே ஆண்டில் 13 சதவீதம் இழந்தது. ஆட்சியாளரின் பிள்ளைகளும் நண்பர்களும் நடத்திய நிறுவனங்கள் அந்த நெருக்கடியின் நடுவில் இருந்தன, அவற்றின் மீது கைவைக்க அமைச்சர் எவருக்கும் துணிவு இல்லை.

கொரியாவுக்கு வருவோம், ஏனென்றால் எதிர்வாதத்தின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. பார்க் ஆட்சியில் கொரியா வளர்ந்த வேகம் பெரிது. அவர் தொழிலதிபர்களுக்குக் கடனை வாரிக் கொடுத்தபோது ஏற்றுமதி இலக்கைக் காட்டு, இல்லையேல் கடன் இல்லை என்று கண்டிப்பாக இருந்தார். மார்க்கோஸ் செய்யாதது அது. ஆனால் அவர் எதன்மேல் நின்று அதைச் செய்தார்? 1945-இல் ஜப்பானியர் வெளியேறியபோது விளைநிலத்தில் பெரும்பகுதியைக் குத்தகைதாரர்களே உழுதுகொண்டிருந்தார்கள். 1949-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலச்சட்டம் ஒரு குடும்பத்துக்கு மூன்று ஹெக்டேர் அளவே உச்சவரம்பு என்று வைத்து, எஞ்சியதை உழுதவர்களுக்கே கொடுத்தது. நிலவுடைமை வர்க்கம் ஒரு தலைமுறைக்குள் கரைந்தது. நிலம் கிடைத்த உழவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். விடுதலையின்போது கால்வாசிப் பேருக்கும் குறைவாகவே எழுதப் படிக்கத் தெரிந்த நாட்டில், 1960 வாக்கில் பெரும்பான்மையோருக்கு எழுத்தறிவு வந்துவிட்டது. பார்க்கின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவைத் தயாரித்ததுகூட அவர் கவிழ்த்த சாங் மியோன் அரசுதான், தேர்தலில் வந்த அரசு. ஆலைகளில் நின்ற தொழிலாளரும், வரைபடம் படித்த பொறியாளரும், தடையாக நின்றிருக்கக்கூடிய பண்ணையார்கள் இல்லாத சமூகமும் அவருக்கு ஆயத்தமாகக் கிடைத்தன. இந்த அடித்தளத்தை நீக்கிவிட்டுத் தளபதியின் உறுதியை மட்டும் இறக்குமதி செய்யலாம் என்று நினைப்பவர்கள் கொரியாவைப் படித்தவர்கள் அல்லர்.

பார்க்கின் கதை எப்படி முடிந்தது என்பதும் சொல்லப்படுவதில்லை. 1972-இல் யூசின் அரசமைப்பின் மூலம் வாழ்நாள் ஆட்சிக்கு வழிசெய்துகொண்டார். 1973 முதல் கனரகத் தொழில்களில் கண்மூடித்தனமாக முதல் கொட்டப்பட்டது. எச்சரித்த அதிகாரிகள் ஒதுக்கப்பட்டார்கள். 1979 அக்டோபரில் தன் சொந்த உளவுத்துறைத் தலைவராலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கொரியப் பொருளாதாரம் சுருங்கியது, இன்னொரு தளபதி ஆட்சியைப் பிடித்தார், குவாங்ஜு நகரில் இரத்தம் ஓடியது. கொரியா பணக்கார நாடானது அதற்குப் பிறகு. மக்கள் எழுச்சியால் நேரடித் தேர்தல் திரும்பிய 1987-இல் தலா வருமானம் சுமார் 3,500 டாலர். இன்று 30,000 டாலருக்கு மேல். விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ நான்கு மடங்கு. குறைக்கடத்தி, கைபேசி, திரைப்படம் என்று உலகம் இன்று கொரியாவின் பெயரோடு இணைத்துச் சொல்கிறவை பெரும்பாலும் மக்களாட்சிக் காலத்தில் உலகத்தரம் தொட்டவை. 2024 டிசம்பர் 3 இரவு அங்கே குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். உறுப்பினர்கள் வேலி ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். சில மணி நேரத்துக்குள் 190 பேர் வாக்களித்து அந்த அறிவிப்பை முறியடித்தார்கள். நான்கு மாதத்தில் நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. விழுவதைத் தடுக்கும் ஏற்பாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

சீனம் இன்னும் தெளிவான பாடம், ஆனால் நேர் எதிரான பாடம். 1958-இல் மாவோவின் பெரும் பாய்ச்சல் தொடங்கியபோது அவர் கையைக் கட்ட யாருமில்லை. ஒவ்வொரு கம்யூன் தலைவரும் மேலிடத்தை மகிழ்விக்க விளைச்சலைக் கூட்டிச் சொன்னார், அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசு கொள்முதல் செய்தது, களஞ்சியங்கள் காலியாகின. கிராமங்கள் பட்டினி கிடந்தபோதும் தானியம் ஏற்றுமதியானது. உண்மையைச் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் 1959-இல் பதவி நீக்கப்பட்டார். கோடிக்கணக்கானோர் மாண்டார்கள். மிகையான தண்டனை இருக்குமிடத்தில் தலைவரின் காதுக்கு உண்மை போய்ச் சேராது. தகவல் இல்லாத உறுதி, பாதை தெரியாத வேகமாக முடியும். அந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட அன்ஹுய் மாநிலத்தில் சியாவோகாங் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1978 குளிர்காலத்தில் அங்கே பதினெட்டு உழவர்கள் ஒரு வீட்டில் இரகசியமாகக் கூடி, கூட்டு நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதிக் கைரேகை வைத்தார்கள். அது அன்றைக்குச் சட்டவிரோதம். ஆகவே தங்களில் யாராவது சிறைக்குப் போனாலோ கொல்லப்பட்டாலோ அவர்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். மறுவருடம் விளைச்சல் பல மடங்கானது. பீஜிங்கில் வகுத்த திட்டத்தில் இது இல்லை. கட்சியின் அன்றைய கொள்கை குடும்பவாரிச் சாகுபடியை அனுமதிக்கவில்லை. தெங்கின் பெருமை, அந்த மீறலை நசுக்காமல் விட்டதும் பிறகு நாடெங்கும் ஏற்றுக்கொண்டதும்தான். கையோடு, இன்னொரு மாவோ வராமல் தடுக்க அவர் தலைமை வேலி போட்டது: 1982 அரசமைப்பு குடியரசுத் தலைவர் பதவிக்கு இரண்டு தவணை என்ற வரம்பு வைத்தது, கூட்டுத் தலைமை வழக்கமானது. சீனத்தின் பெருவளர்ச்சி தனிமனித ஆட்சியைத் தளர்த்திய காலத்தில் நடந்தது. 2018-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். லீயின் நிர்வாகத் திறமையை மறுப்பதற்கில்லை. ஆனால் 1965-இல் அது வெறும் மீன்பிடி ஊராக இருந்தது என்பது கட்டுக்கதை; நூற்றைம்பது ஆண்டுகளாக மலாக்கா நீரிணையின் வாயிலில் இருந்த துறைமுகம், ஆசியாவின் உயர்ந்த வருமானம் கொண்ட ஊர்களில் ஒன்று. ஊழல் தடுப்பு அமைப்பு 1952-லேயே தொடங்கியது, மத்திய சேமநிதி 1955-லேயே. ஏறத்தாழ இருபது லட்சம் பேர் வாழ்ந்த ஒரு நகரத்தின் ஆட்சிமுறையை உத்தரப் பிரதேசத்துக்கோ இந்தோனேசியாவுக்கோ பொருத்திப் பார்ப்பதும் சரியில்லை. அதைவிட முக்கியம், சிங்கப்பூரிலும் வாக்குச்சீட்டு வேலை செய்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜே.பி. ஜெயரத்தினம் 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, ஆளுங்கட்சி மட்டுமே அமர்ந்திருந்த நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்று லீ கொண்டுவந்த திட்டத்துக்கு 1984 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். ஆளுங்கட்சியின் வாக்கு பத்து விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அடுத்த ஆண்டே அந்த முன்னுரிமை கைவிடப்பட்டது. நே வின்னுக்கு இப்படி ஒரு 1984 வாய்க்கவில்லை.

சேமிப்பைப் பிழிந்து ஆலைகளில் போடுவது இரும்புக்கரத்துக்குக் கைவந்த வேலை. அதனால் ஒரு தலைமுறைக்கு வேகம் கிடைக்கும். 1950களின் சோவியத் வளர்ச்சி அப்படிப்பட்டதே. சிங்கப்பூரின் வேகத்திலும் பெரும்பகுதி இதுதான் என்று 1994-இல் பால் க்ரூக்மன் சுட்டிக்காட்டினார்: 1966-க்கும் 1990-க்கும் இடையில் வேலையில் இருந்தோர் மக்கள்தொகையில் 27 சதவீதத்திலிருந்து 51 சதவீதமானார்கள், முதலீடு உற்பத்தியில் 11 சதவீதத்திலிருந்து 40-க்கு மேல் போனது. அந்தப் பங்குகளை இன்னொரு முறை இரட்டிப்பாக்க முடியாது. ராபர்ட் சோலோ 1957-இலேயே காட்டியபடி, அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளில் உழைப்பு நேரத்துக்கான உற்பத்தி உயர்ந்ததில் எட்டில் ஏழு பங்கு கூடுதல் முதலால் வந்ததன்று, செய்யும் முறை மாறியதால் வந்தது. புதிய முறை பழைய முதலாளியின் பிழைப்பைக் கெடுக்கும். பழைய முதலாளி ஆட்சியாளரின் வீட்டுக்குள் போய்வருகிறவராக இருந்தால், புதிய முறை வாசலிலேயே தடுக்கப்படும்.

மக்களாட்சியில் முடிவு எடுக்கவே ஆண்டுக்கணக்காகிறது என்பது அடுத்த ஆட்சேபம். இந்தியாவைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். நெருக்கடிநிலையின் முதல் ஆண்டான 1975-76-இல் 9 சதவீத வளர்ச்சி இருந்தது உண்மை. அது நல்ல மழை தந்தது. அதே நெருக்கடிநிலையின் அடுத்த ஆண்டில் வளர்ச்சி 2 சதவீதத்துக்கும் கீழே போனது. 1991-இன் சீர்திருத்தங்களைச் செய்தது நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு. 2003 முதல் 2008 வரை எட்டு சதவீதத்தை ஒட்டி வளர்ந்த ஆண்டுகளில் தில்லியில் இருந்தவை கூட்டணி அரசுகள், அதுவும் நடுவில் ஒரு ஆட்சிமாற்றம். தமிழ்நாட்டின் மோட்டார் வாகனத் தொழிலும் இரு கட்சிகள் மாறி மாறி ஆண்ட காலத்தில்தான் வேர்விட்டது. 1990களின் நடுவில் ஓர் ஆட்சியில் பேசி முடித்த ஆலைகள் அடுத்த ஆட்சியில் இயங்கத் தொடங்கின. வேகமான, இரகசியமான, யாரையும் கலக்காத முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு 2016 நவம்பர் 8 இரவு எடுத்துக்காட்டு: புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது, கறுப்புப் பணம் திரும்பி வராது என்றார்கள், 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது. திருப்பூர், சிவகாசிச் சிறு தொழில்கள் ரொக்கம் இல்லாமல் தவித்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1990களில் மக்களாட்சிக்கும் வளர்ச்சிக்கும் தெளிவான உறவு இல்லை என்று எழுதியவர்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. டாரன் அசெமொக்லு, ஜேம்ஸ் ராபின்சன் முதலியோர் 2019-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, மக்களாட்சிக்கு மாறிய நாடுகளின் தலா உற்பத்தி மாறாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று கண்டது. லூயிஸ் மார்ட்டினெஸ் 2022-இல் இன்னொன்றைச் சேர்த்தார். விண்ணிலிருந்து தெரியும் இரவு வெளிச்சத்தோடு அரசுகள் தரும் வளர்ச்சி எண்ணை ஒப்பிட்டபோது, சர்வாதிகார நாடுகள் தங்கள் ஆண்டு வளர்ச்சியை ஏறத்தாழ 35 சதவீதம் மிகைப்படுத்திச் சொல்வது தெரிந்தது. ஆக, இரும்புக்கரத்துக்குச் சாதகமாகக் காட்டப்படும் எண்களில் ஒரு பகுதி காற்று.

எனக்குக் கடினமாகத் தோன்றும் ஆட்சேபம் இலங்கையிலிருந்து வருகிறது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது சர்வாதிகாரியா? தேர்தலில் வென்ற அரசுதானே? ஆம். வாக்குப்பெட்டி மட்டும் எந்த நாட்டையும் காப்பாற்றாது. பெரும்பான்மையின் கையும் கட்டப்பட வேண்டிய கைதான். இதற்கு மொரீஷியஸைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் தீவு, அதுவும் தோட்டப்பயிரை நம்பியிருந்த குடியேற்ற நாடு, அங்கும் தமிழர் உள்ளிட்ட பல இனங்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1961-இல் அதன் எதிர்காலம் இருண்டது என்று எழுதினார். 1968-இல் விடுதலை பெற்றபோதே, தோற்ற வேட்பாளர்களிலிருந்து சிறுபான்மையினருக்கு இடம் ஒதுக்கும் முறை அதன் அரசமைப்பில் இருந்தது. 1970களில் அவசரநிலையும் தள்ளிப்போன தேர்தலும் அங்கும் உண்டு. ஆனால் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வந்த 1982 தேர்தலில் ஆளும் தொழிற்கட்சி ஒரு தொகுதியைக்கூட வெல்லாமல் தோற்று, ஆட்சி அமைதியாகக் கைமாறியது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழும் இருக்கிறது. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, மறுவருடம் தமிழை மேலே வைத்து மறுபடி அச்சாயின. மக்கள்தொகையில் சிறு பங்கே உள்ள ஒரு சமூகத்துக்காக ஓர் அரசு தன் நாணயத்தையே திரும்ப அச்சிட்டது. ஐரோப்பாவின் சர்க்கரைச் சலுகை மொரீஷியஸுக்கு உதவியது என்பது உண்மை; அதே சலுகை பெற்ற மற்றப் பல நாடுகள் இந்த இடத்துக்கு வரவில்லை. இன்று அதன் தலா வருமானம் 10,000 டாலருக்கு மேல், இலங்கையுடையது அதில் பாதிக்கும் வெகு கீழே.

இலங்கை எதிர்த் திசையில் போனது. 1977-இல் வென்ற ஜே.ஆர். ஜெயவர்தன மறுவருடமே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். பொருளாதாரத்தைத் திறந்துவிடவும் நாட்டை ஒழுங்குபடுத்தவும் வலுவான ஒற்றை மையம் வேண்டும் என்பது காரணம். 1982-இல் தன் கட்சி உறுப்பினர்கள் எல்லோரிடமும் தேதியிடாத விலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் ஆலைகளும் எரிந்தபோது, தடுத்து நிறுத்தும்படி அரசை நெருக்கும் வலிமை அந்த நாடாளுமன்றத்தில் எவருக்கும் இருக்கவில்லை. அந்தத் தீ கால்நூற்றாண்டுப் போரானது. கோட்டாபய ராஜபக்ச 2019-இல் வந்தார், உறுதியான மனிதர் என்பதே அவருடைய தகுதியாகச் சொல்லப்பட்டது. வந்த வேகத்தில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார். 2020 அக்டோபரில் இருபதாவது திருத்தத்தால் அதிகாரத்தைத் தன்னிடமே குவித்தார். 2021-இல் வேளாண் அறிஞர்களின் எச்சரிக்கையைக் கேளாமல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார். நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை விழுந்தது. தடையை நவம்பரில் விலக்கியபோது காலம் கடந்துவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது, அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதும் மருந்தில்லாத மருத்துவமனைகளும் கைகட்டப்படாத ஆட்சியாளர் ஒருவர் இரண்டரை ஆண்டுகளில் எடுத்த முடிவுகளின் விளைவு.

அந்த ஜனாதிபதிப் பதவியை ஒழிப்பதாக 1994-இல் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலரும் வாக்களித்தார்கள். 2024-இல் வென்ற கூட்டணியும் வாக்களித்தது. ஏற்றுமதி வலயம், வரிச்சலுகை, அந்நிய முதலீடு பற்றிய கருத்தரங்குகளில் இந்தப் பதவியை யாரும் பொருளாதாரப் பிரச்சினையாகப் பேசுவதில்லை. அது ஒரு பொருளாதாரப் பிரச்சினைதான், முதலில் தீர்க்க வேண்டியதும் அதுதான்.